மூன்று தரம் கேட்கச் சொன்ன தராசு

உலகத்துக்கென்று வைத்திருந்த நீதியைக் கடவுள் எல்லோருக்கும் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்துக்கொண்டு வந்தார். ஓர் ஆளிடம் வந்தபோது மட்டும் கை அலுத்துப்போய் மூட்டையோடு கொடுத்துவிட்டார் என்று நினைக்கிறேன். அந்த ஆளுக்குக் கீழே பதினொரு வருடம் வேலை செய்தவள் நான். நீதி நல்ல பொருள்தான். ஆனால் ஒருவரிடமே மூட்டையாக இருந்தால் பக்கத்தில் இருக்கிறவர்களுக்குக் கால் நீட்ட இடமிராது.

அவரை நாங்கள் தராசு என்போம். சிட்னியில் ஆஸ்பத்திரித் துணிகளை வெளுத்து அனுப்புகிற ஒரு பெரிய சலவைக்கூடத்தில் அவர் மேற்பார்வையாளர். வெஸ்ட்மீட்டில் இருந்து பஸ்ஸில் பத்து நிமிடம். அவர் ஊர் திருச்சிப் பக்கம். இங்கே வருமுன் இங்கிலாந்திலும் சில வருடம் வேலை செய்தவர். தமிழ் ஆட்கள் வைத்த பெயரை வியட்நாம் பெண்களும் பிலிப்பைன்ஸ் பெண்களும் தங்கள் நாக்குக்கு ஏற்றபடி சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் கோபிக்கவில்லை. எல்லோரும் ஒரே பெயரைத்தானே சொல்கிறீர்கள், அப்படியென்றால் சரி என்றாராம்.

நாங்கள் மொத்தம் இருபத்துமூன்று பேர். யாருக்காவது பிறந்தநாள் வந்தால் கேக் வெட்டுவது தராசுதான். கத்தியால் வெட்டினால் கூடக் குறையப் போய்விடும் என்று, பல் இடுக்குக்குள் விடுகிற நூலால் வெட்டுவார். கேக்குக்குக் கீழே வைக்க, இருபத்துமூன்று கோடு கீறிய காகிதம் ஒன்றை வீட்டிலிருந்தே கொண்டுவருவார். பிறந்தநாள்காரர் மெழுகுதிரியை ஊதி முடித்து, வேலைக்குத் திரும்பி, ஒரு வண்டித் துணி மடித்துவிட்டு வந்தாலும் கேக் வெட்டி முடிந்திராது.

ஒருமுறை யாரோ நல்ல மாம்பழம் ஒன்று கொண்டுவந்தார்கள். ஒன்றே ஒன்று. அதையும் இருபத்துமூன்று கீற்றாக்கினார். கொட்டை மிஞ்சியது. அதை யாருக்குக் கொடுப்பது என்று சீட்டுக் குலுக்கினார். பாரவண்டிப் பக்கத்தில் வேலை செய்கிற க்ளென் என்ற வெள்ளைக்காரருக்கு அது விழுந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நன்றி சொன்னார், குப்பைக்குள் போட்டார். என்னோடு துணி மடிக்கிற செல்வி இரண்டு நாள் அவரோடும் கதைக்கவில்லை, தராசோடும் கதைக்கவில்லை.

தேநீர் அறையில் குளிருக்கு ஹீற்றர் ஒன்றுதான். அதற்குப் பக்கத்துக் கதிரைக்கு முறை வைத்து, யாருக்கு எந்த நாள் என்று சுவரில் ஒட்டியிருந்தார். அந்த அட்டவணை மாரியிலும் ஓடியது, கோடையிலும் ஓடியது. இங்கே ஜனவரிதான் கோடை, வெயிலில் வெளியே தார் இளகிக்கொண்டிருக்கும். அன்றைய முறைக்காரர் அணைத்துவைத்த ஹீற்றருக்குப் பக்கத்தில் போய்ப் பணிவாக இருப்பார்.

இதெல்லாம் சிரித்துக்கொண்டு சொல்லலாம். சிரிக்க முடியாமல் போன ஒரு மாதமும் வந்தது.

துணியைத் தானே மடிக்கிற புது மெஷின் ஒன்று வரப்போகிறது என்றார்கள். நான் நிரந்தர ஆள் இல்லை. பின்னேரம் போனில் செய்தி வந்தால் அடுத்த நாள் வேலை, வராவிட்டால் இல்லை. மெஷின் வந்தால் அந்தச் செய்தியும் வராது. எனக்கு அப்போது ஐம்பத்தொன்பது வயது. கணவர் போய்ச் சேர்ந்து பல காலம். மெல்பேர்னில் இருக்கிற மகன், அம்மா இங்கே வந்து இருங்கோ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். நல்ல பிள்ளை, மருமகளும் நல்லவள். ஆனால் வென்வேர்த்வில்லில் ஒரு அறை வீடு, அதைத் திறக்க என் கையில் ஒரு திறப்பு, அது மட்டும்தான் நானாகச் சம்பாதித்தது. அதை விட மனம் வரவில்லை.

அதே கிழமையில் ஓர் அறிவித்தல் ஒட்டினார்கள். சுத்தமான துணி வைக்கிற அறைக்குப் பொறுப்பாளர் வேண்டும், நிரந்தர வேலை. அந்தக் கூடத்தில் துணி மடிக்கிறது முழுவதும் பெண்கள். பொறுப்பில் இருந்தது முழுவதும் ஆண்கள். செல்வி எனக்கு வாசித்துச் சொன்னாள்.

“அன்ரி, கடைசி வரியைக் கேளுங்கோ. பொம்பிளையளும், இங்கிலீஷ் தாய்மொழி இல்லாத ஆக்களும் கட்டாயம் விண்ணப்பிக்கட்டாம். உங்கட பேரை மட்டுந்தான் போடேல்லை.”

எனக்கு அது சந்தோசமாக இல்லை, வெட்கமாக இருந்தது. பாரவண்டிப் பக்கத்தில், இந்தமுறை பெண் ஒருத்திக்குக் கொடுக்க முடிவுகட்டிவிட்டார்கள், மற்றவர்கள் எழுதி என்ன பயன் என்று கதை வந்துவிட்டது. க்ளெனும் அந்த வேலைக்கு எழுதியிருந்தார். கெட்டிக்காரர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். அவருடைய சோற்றை நான் பறிப்பதா என்று இருந்தது.

தராசிடம் கேட்க எனக்கு நாலு நாள் எடுத்தது. ஐந்தாம் நாள் துணிவண்டியின் சில்லைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். “சேர், இது இரக்கப்பட்டுத் தாற வேலையோ?”

அவர் கையிலிருந்த பேனையைப் பையில் குத்திக்கொண்டு, நான் பஸ்ஸில் வருவதில்லையா என்று கேட்டார். வருகிறேன் என்றேன்.

“உங்களைப் பாத்ததும் டிரைவர் பஸ்ஸைக் குனிய வைக்கிறாரு இல்ல? படி கீழ எறங்குது. அவ்வளவுதான் அக்கா. ஏறுறது உங்க கால். கார்டு தட்டறது உங்க கை. இந்தக் கடைசி வரி குனியற பஸ்ஸு. உள்ள இருக்கற ஒருத்தரை எழுப்பி எறக்கி விட்டுட்டு உங்களைத் தூக்கி உக்கார வைக்கிறது வேற. அதுக்கு நான் கூட வரமாட்டேன்.”

முதலாவதுக்குப் பொசிட்டிவ் அக்சன் என்று பெயராம், இரண்டாவதுக்குப் பொசிட்டிவ் டிஸ்கிரிமினேசன். இங்கிலாந்தில் அப்படித்தான் படித்தாராம். இங்கே வேறு பெயர் சொல்வார்கள், பெயர் எதுவானாலும் குனிவது வேறு, தூக்கிக்கொண்டு போவது வேறு என்றார். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அது ஒரே தரத்தில் விளங்கியது.

செல்விக்கு விளங்கவில்லை. “அப்ப ஏன் சேர் பஸ்ஸில முன் சீற்றை வயசானாக்களுக்கு விடச் சொல்லி எழுதியிருக்கினம்?” என்று கேட்டாள். தராசின் முகம் செத்துவிட்டது. அடுத்த நாள் காலையில் நேரே எங்கள் மேசைக்கு வந்தார்.

“சீட்டு களைப்புக்குக் குடுக்கறது. வேலை தகுதிக்குக் குடுக்கறது. வீட்டுக்குப் போயும் அதேதான் யோசிச்சேன்” என்று சொல்லிவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போனார்.

பிறகு செவ்வாய்க்கிழமைகளில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், விண்ணப்பிக்கிற பெண்களுக்கு நேர்முகத்தில் கதைக்கப் பழக்குகிறேன் என்றார். மேலிடத்தில் கேட்டு, அப்படிச் செய்யலாம் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் தொடங்கினார். முதல் நாளே க்ளென் கதவடியில் வந்து நின்றார். எனக்கு ஏன் இல்லை என்று சிரித்துக்கொண்டுதான் கேட்டார். தராசுக்கு அது சிரிப்பில்லை. இதுவரை எத்தனை நேர்முகத்துக்குப் போயிருக்கிறாய் என்று திருப்பிக் கேட்டார். ஒன்பது என்றார் க்ளென். தராசு எங்களைக் காட்டி, இவர்கள் ஒன்றுக்கும் போனதில்லை, ஒன்பது செவ்வாய் கழித்து வா, எல்லோருக்கும் சேர்த்து நடத்துகிறேன் என்றார். க்ளென் தலையைச் சொறிந்துவிட்டுப் போனார். அடுத்த கிழமை எங்களுக்கு பிஸ்கற் பெட்டி ஒன்று கொண்டுவந்து வைத்தார்.

உங்களுக்கு என்ன நன்றாகச் செய்ய வரும் என்பது தராசின் முதல் கேள்வி. பெரிதாக ஒன்றும் இல்லை என்றேன். அவர் அதை எழுதி எனக்கே வாசித்துக் காட்டி, இந்த மனுசிக்கு நீங்கள் வேலை கொடுப்பீர்களா என்று கேட்டார். கொடுக்கமாட்டேன் என்றேன். அப்படியென்றால் மாற்றுங்கள் என்றார். மாற்ற மூன்று செவ்வாய் எடுத்தது.

நேர்முக நாள் வந்தது. மேசைக்கு அந்தப்பக்கம் மூன்று பேர். ஆட்களுக்குப் பொறுப்பான டெப்ரா, தலைமை அலுவலகத்தில் இருந்து வந்த ஒருவர், தராசு. எங்களைப் பழக்கியது தான்தான் என்று மற்ற இருவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டாராம். அது போதாதென்று, கண்ணால் ஏதும் சாடை காட்டிவிடுவேனோ என்று தன்மேலேயே சந்தேகப்பட்டுக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு இருந்தார். அறைக்குள் கறுப்புக் கண்ணாடியோடு அசையாமல் இருக்கிற மனிதரைப் பார்த்து எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

கேள்விகளுக்குப் பதில் சொன்னேன். சுத்தமான துணிவண்டி தவறி அழுக்குப் பக்கத்தால் போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்றார்கள். பார்க்க எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் முழுவதையும் திரும்ப வெளுக்க அனுப்புவேன், அந்தத் துணியில் கிடக்கப்போகிறவர் நோயாளி என்றேன். கணக்கைக் கம்பியூட்டரில் எப்படி ஏற்றுவீர்கள் என்றார்கள். தெரியாது, க்ளெனைக் கேட்பேன் என்றேன். தலைமை அலுவலகக்காரர் சிரிப்பை அடக்கினார்.

கடைசியில் டெப்ரா முகம் மலர்ந்து, இந்த வேலையை உங்களுக்குத் தந்தால் உங்களுக்கு விருப்பமா என்று கேட்டாள்.

“வேண்டாம், வேண்டாம்” என்றேன். “க்ளெனுக்குக் குடுங்கோ. அவருக்குப் பிள்ளையள் இருக்கு.” இதைத்தான் என் இங்கிலீஷில் சொன்னேன்.

வாசிக்கிற உங்களுக்கு இதில் புதுமை இராது. ஒரு வீட்டில் தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்றால், வாய் காய்ந்து வந்திருந்தாலும் இப்போதுதான் குடித்தேன் என்போம். அவர்கள் இரண்டாம் தரம் கேட்பார்கள், பரவாயில்லை என்போம். மூன்றாம் தரம் கேட்டால், சரி, அரைக் கப் தாருங்கள் என்போம். முதல் கேள்விக்கே கையை நீட்டுகிறவளை எந்தத் தாய் வளர்த்தாள் என்று கேட்பார்கள். எனக்கு அந்த வேலை எவ்வளவு வேண்டும் என்று அந்த அறையிலிருந்த கதிரைக்கே தெரிந்திருக்கும். நான் இரண்டாம் தரத்துக்குக் காத்திருந்தேன்.

டெப்ரா ஏதோ எழுதினாள். நன்றி சொல்லி எழும்பிக் கதவைத் திறந்துவிட்டாள்.

வெளியே சுவரோடு நின்றேன், யாராவது பின்னால் வந்து கேட்பார்கள் என்று. ஒருவரும் வரவில்லை. மேசைக்குத் திரும்பி வந்து செல்வியோடு விரிப்பின் இரண்டு நுனிகளைப் பிடித்துக்கொண்டே நடந்ததைச் சொன்னேன். கேட்டதும் அவள் விரிப்பைக் கீழே விட்டாள். “ஐயோ அன்ரி, அவை வெள்ளைக்காரர். ஒருக்காத்தான் கேப்பினம்.”

உள்ளே நடந்ததை டெப்ராதான் பிறகு ஒருநாள் எனக்குச் சொன்னாள். நான் வேண்டாம் என்றதால் என் தாளை ஒதுக்கப் போனார்களாம். தலைமை அலுவலகக்காரர் இரக்கமுள்ள மனிதர். இங்கே ஒரு பெண்ணும் பொறுப்பில் இல்லை, அவளுக்கு இரண்டு மார்க் கூடப் போட்டு, வற்புறுத்திக் கொடுத்துவிடலாமே என்றாராம். தராசு மேசையில் கையை வைத்து, அது க்ளெனுக்கு அநியாயம், அந்த அம்மாவுக்கு அவமானம், ஒரு மார்க்கும் கூடப் போடக்கூடாது என்றாராம். பிறகு, ஆனால் அந்த அம்மா இன்னும் வேண்டாம் என்று சொல்லவில்லை என்றாராம்.

சொன்னாரே, என் காதால் கேட்டேனே என்றாள் டெப்ரா. ஒருதரம்தானே கேட்டீர்கள் என்றார் தராசு. க்ளெனிடமும் ஒருதரம்தான் கேட்டேன், எல்லோருக்கும் ஒரே அளவு என்று எப்போதும் சொல்கிறவர் நீங்கள்தானே என்று அவள் மடக்கினாளாம். தராசுக்கு அந்தக் கேள்வி எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். பிறகு எழும்பிப்போய், எங்கள் மேசையடியில் நின்ற செல்வியைக் கூட்டிக்கொண்டு போனார். எதற்கு என்று சொல்லவில்லை.

அறைக்குள் தேநீரோடு வைத்திருந்த பிஸ்கற் தட்டை எடுத்துச் செல்விக்கு நீட்டினார். அவள் வேண்டாம் சேர், இப்போதுதான் சாப்பிட்டேன் என்றாள். திரும்ப நீட்டினார். பரவாயில்லை சேர் என்றாள். மூன்றாம் தரம் நீட்டினார். இரண்டு எடுத்தாள். ஒன்றைக் கடதாசியில் சுற்றிப் பையில் போட்டாள். அவளை அனுப்பிவிட்டு க்ளெனைக் கூப்பிட்டார். தட்டைச் சரியாக நீட்டுமுன்னே க்ளென் ஒன்றைக் கடித்துவிட்டார்.

மார்க் கூடப் போடத் தேவையில்லை, இன்னும் இரண்டு தரம் கேட்டால் போதும் என்றார் தராசு. முன்னுக்கு நிற்கிற இருவரையும் கேளுங்கள், இருவருக்கும் மூன்று தரம்.

இதொன்றும் அறியாத செல்வி திரும்பி வந்து, “அன்ரி, அந்தாளுக்கு என்னவோ நடந்திட்டுது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு எனக்கு மூண்டு தரம் பிஸ்கற் நீட்டுறார். மற்ற ரெண்டு பேரும் வச்ச கண் வாங்காமல் பாக்கினம்” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே என்னைத் திரும்பக் கூப்பிட்டார்கள்.

டெப்ரா அதே கேள்வியை அதே சொற்களில் கேட்டாள். நான் வேண்டாம் என்றேன், பழக்கதோசம். அவள் பேனையைக் கீழே வைத்துவிட்டு இரண்டாம் தரம் கேட்டாள். நான் தராசைப் பார்த்தேன். அவர் கண்ணாடியோடு முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மூன்றாம் தரம், மெதுவாகக் கேட்டாள்.

“ஓம்” என்றேன். அது அவளுக்கு விளங்காது என்று நினைவு வந்து இங்கிலீஷில் சொன்னேன். எனக்கு இந்த வேலை வேண்டும். இந்த நாட்டில் இருபது வருடம் இருந்து, எனக்கு வேண்டும் என்று வாய்திறந்து நான் சொன்ன முதல் வசனம் அது.

மார்க்கைக் கூட்டிப் பார்த்தபோது எனக்கும் க்ளெனுக்கும் ஒரே எண். சரிசமமாக வந்துவிட்டதால், யாரையும் எழுப்பி இறக்காமல், பெண்களை வரச்சொன்ன அறிவித்தலின் கடைசி வரியைப் பார்க்கலாம் என்று மூன்று பேரும் ஒத்துக்கொண்டார்கள். வேலை எனக்கு. டெப்ரா க்ளெனுக்கும் தாளைக் காட்டி விளக்கினாள். அவருக்கு முகம் வாடத்தான் செய்தது, நான் ஏன் பொய் சொல்ல வேண்டும். பின்னேரம் என் மேசைக்கு வந்து, கம்பியூட்டரைப் பற்றி என்னைக் கேட்பேன் என்றாயாமே, திங்கட்கிழமையில் இருந்து கேள் என்றார்.

கொதித்தது செல்விதான். கம்பியூட்டர் கேள்விக்கு மற்ற இருவரும் என் உண்மைக்கு இரங்கி முழு மார்க் போட்டிருக்க, தராசு மட்டும் ஒரு மார்க்கைக் குறைத்திருக்கிறார் என்று எப்படியோ அறிந்துவிட்டாள். “எங்கட ஆள் எண்டு இருந்து செய்த வேலையைப் பாத்தீங்களோ? அந்த ஒரு மார்க்கையும் போட்டிருந்தால் நீங்கள் தனிய முன்னுக்கு வந்திருப்பியள். ஒருத்தரும் ஒண்டும் கதைக்கேலாது.”

எனக்கும் கொஞ்சம் நொந்துதான் இருந்தது. இந்தமுறை நாலு நாள் எடுக்கவில்லை. அன்றே போய்க் கேட்டேன்.

“உங்களுக்கு அந்தப் பதில் தெரியலையே அக்கா” என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார். “இங்கிலாந்துல என்னைய ஒரு வேலைக்கு எடுத்தாங்க. கூட இருந்தவன் ஒருத்தன் சொன்னான், கறுப்புத் தோல்ல ஒரு ஆள் வேணும்னு எடுத்தாங்கன்னு. நெசமா, பொய்யான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. நல்லா வேலை செஞ்ச அன்னைக்கும் தெரியல. ரெண்டு வருசத்துல விட்டுட்டு வந்துட்டேன். நான் ஒரு மார்க் போட்டிருந்தா அது என்னோடதா இருந்திருக்கும். இப்ப இருக்கறது பூராவும் உங்களோடது.”

அந்த அறையில் ஆறு வருடம் வேலை செய்தேன். கம்பியூட்டரும் பழகினேன். பாரவண்டிப் பக்கத்தில் யாராவது பெண் என்பதற்காகக் கொடுத்தது என்று முணுமுணுத்தால், நான் வாய் திறக்குமுன் க்ளென் என் மார்க்கைச் சொல்லுவார். இப்போது ஓய்வெடுத்துவிட்டேன். வென்வேர்த்வில் வீட்டில்தான் இருக்கிறேன்.

தராசு வேலையை விட்டு மகளோடு பேர்த்துக்குப் போய்விட்டார் என்றார்கள். என்மேல் இரங்கிக் கூடத் தந்தவர்களை நான் கனபேரைக் கண்டிருக்கிறேன், அவர்கள் நன்றாக இருக்கட்டும். பின்னேரம் விளக்கு வைக்கும்போது பிள்ளைகளின் பெயரைச் சொல்லி முடித்து இவர் பெயருக்கு வருவேன். உண்மையான பெயர் எனக்குத் தெரியாது. சட்டையில் பெயரட்டை குத்தியிருப்பார், ஆனால் பதினொரு வருடத்தில் ஒருநாளாவது நிமிர்ந்து அதை வாசிக்க எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் தராசு என்றே சொல்லிக் கும்பிடுகிறேன். பிள்ளையாருக்கு ஆளைத் தெரியும்.